ஐந்து கால் ஒட்டகம்

அம்மாவுக்கு, பூரி காலில் விழுந்து எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

அகமதாபாத்தில் வேலைக்குக் குறைவில்லை. இப்போது வேலை செய்யும் பங்களாவின் உள்பக்கம் நம் கட்ச் வீடு மாதிரியே இருக்க வேண்டுமாம். சுவரில் மண்ணும் சாணமும் பூசிக் கண்ணாடிச் சில்லு பதிக்கிறேன்.

நேற்று வீட்டுக்கார ஹேதல்பென் வாசலுக்கு ஒரு பழைய துணித் தோரணம் கொடுத்தாள். அதில் ஒரு ஒட்டகத்துக்கு ஐந்து கால். சின்ன வயதில் நான் தப்பாகத் தைத்து, நீ சிரித்தாயே, அதேதான். அது இருந்த என் சீர்ப்பெட்டி மழையில் அழுகிவிட்டதாக நம் வங்கா அண்ணன் சொன்னான். வெறுங்கையோடு வந்தவள் என்று மாமியார் இன்னும் குத்திக்காட்டுகிறாள்.

"இது ஏது, ஹேதல்பென்?" என்று கேட்டேன்.

"உங்க ஊர்ப் பக்கத்து ஆளு வங்கா வித்தான். அவங்கம்மாவே பெட்டியத் திறந்து எடுத்துக் குடுத்தாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

தோரணத்தை வாசலில் மாட்டிவிட்டேன். அழகாகத்தான் இருக்கிறது.

யாராவது வந்தால் கொஞ்சம் கம்பு மாவு கொடுத்தனுப்பு. இங்கத்திய மாவில் ரொட்டி விண்டுபோகிறது.

ஹேதல்பென் சொன்னதை நான் நம்பவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அம்மா. அப்படி எழுத வரவில்லை. கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

பூரி