மீன் வண்டியில் வந்த அழுகை

நேற்று எனக்கே ஈ.சி.ஜி. எடுத்தார்கள் அண்ணே. நெஞ்சில் ஜெல்லியைத் தடவியதும் சில்லென்றது. எத்தனை பேருக்குத் தடவியிருப்பேன், அது இவ்வளவு குளிரும் என்று ஓய்வுபெற்ற பிறகுதான் தெரிகிறது. தடவிய பெண்ணைக் கடிந்துகொள்ள வாயெடுத்தேன். அதற்குள் நீங்கள் நினைவுக்கு வந்துவிட்டீர்கள். "ஐஸ் மீனத் தூக்கி மார்ல வச்சாப்புல இருக்கு சிஸ்டரம்மா" என்று நெளிந்தீர்களே, அது.

எண்பதுகளின் தொடக்கம். இருதயத் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று பலகைதான் பெரிது. உள்ளே நான்கு கட்டில், ஒரே ஒரு மானிட்டர். காரைக்கால்மேட்டிலிருந்து மாரடைப்போடு வந்த உங்களுக்கு அதை மாட்டினோம். ஒயர் ஒட்டும் இடத்தில் முடியை மழிக்க வேண்டும். நீங்கள் சம்மதிக்கவில்லை.

"கடலுக்குப் போறவன் மார மழிச்சிக்கிட்டு எப்படிம்மா வெளிய வர்றது?"

"மீசையக் கேக்கலியேன்னு சந்தோஷப்படுங்க" என்றேன். ஆனாலும் விட்டுக்கொடுத்துவிட்டேன். நீங்கள் அசையக் கூடாது, கோபப்படக் கூடாது, சின்ன அதிர்ச்சிகூட உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதையே சாக்காக வைத்து முடியின் மேலேயே பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். தப்பு என்னுடையதுதான்.

மூன்றாம் நாள் காலை ஊசி போட்டதில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். அண்ணியை ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்காரவிட்டு, மருந்து எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனேன். வியர்வையில் ஒயர் கழன்றுவிட்டது. மானிட்டரில் அதுவரை துள்ளிக்கொண்டிருந்த கோடு நேராக ஓடியது. மணி அடிக்கிற சத்தம் கேட்டு நான் திரும்புவதற்குள், "என்னய விட்டுட்டுப் போயிட்டீங்களே" என்று அலறிக்கொண்டு அண்ணி வெளியே ஓடினார். நான் பதறிப்போய் வந்து பார்த்தால் நீங்கள் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஒயரை ஒட்டிவிட்டு வாசலுக்கு ஓடி அண்ணியிடம் உண்மையைச் சொன்னேன். அதற்குள் அண்ணியின் தம்பி சைக்கிளில் சேதி சொல்லக் கிளம்பிப் போயாகிவிட்டது.

ஒரு மணி நேரத்தில் ஊரே மீன் வண்டியில் வந்து இறங்கியது. சாவு விழுந்தால் உங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. புறப்பட்ட படகுகளைக்கூடக் கரையில் ஏற்றிவிட்டார்களாம், ஏலம் பாதியில் நின்றுவிட்டதாம். "உயிரோட இருக்காரு" என்று அண்ணி கையெடுத்துக் கும்பிட்டும் யார் காதிலும் ஏறவில்லை. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நான் ஜன்னல்களைச் சாத்தினேன். அப்போது பார்த்து நீங்கள் கண் விழித்தீர்கள்.

"யாரு போயிட்டா? எங்க அக்கா கொரலாட்டம் இருக்கே."

உங்கள் சாவுக்கு அழுகிறார்கள் என்று உங்களிடமே எப்படிச் சொல்வேன்? "அக்காதாங்க. ஒங்களப் பாக்கணுமாம். நான்தான் உள்ள விடல, அதான் அழறாங்க" என்றேன்.

"அவ அப்படித்தான். முள்ளு குத்துனாலும் ஊரக் கூட்டுவா" என்றீர்கள். மறுபடி கண்ணை மூடினீர்கள். மானிட்டரில் கோடு ஒழுங்காகத் துள்ளியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்குப் போகும் நாளில்தான் விஷயத்தைச் சொன்னேன். கட்டில் குலுங்கச் சிரித்தீர்கள். அதன் பிறகு பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் துணியில் சுற்றிய மடவை மீனும் "செத்தவன் வந்திருக்கேன்" என்ற குரலும் தவறியதில்லை. அண்ணிதான் வெட்கத்தில் தலைநிமிராமல் நிற்பார். ஊர் முழுக்க ஒருநாள் தொழிலை விட்டதை அவர் மறக்கவேயில்லை.

ஆறு வருடம் அப்படிப் போனது. பிறகு ஒரு காலையில் அண்ணியின் தம்பி என் வீட்டு வாசலில் சைக்கிளோடு நின்றார். "அக்கா ஒங்களக் கையோட கூட்டியாரச் சொல்லுச்சு" என்றார்.

உங்கள் வாசலில் ஊரே உட்கார்ந்திருந்தது. ஒரு சத்தம் இல்லை. உங்கள் அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தார். உள்ளே பாயில் நீங்கள். தலைமாட்டில் அண்ணி, கண்ணில் ஒரு சொட்டு நீரில்லாமல்.

"நீங்க பாத்துச் சொல்லுங்க சிஸ்டர். அதுவரைக்கும் யாரும் அழக் கூடாதுன்னுட்டேன்."

மணிக்கட்டைத் தொட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நாடி பார்க்க ஒரு நிமிடம் போதும், உங்களுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. ஆனால் அண்ணி, அன்றைக்கு அந்தக் கோட்டைப் பார்த்ததுபோல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடிகார முள்ளைப் பார்த்தபடி ஒரு நிமிடம் பிடித்திருந்தேன். முள் சுற்றி முடிந்ததும் இன்னொரு நிமிடம்.

பிறகு, "அழுங்க அண்ணி" என்றேன்.

அந்தச் சேதியை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். எவருக்கும் தாமதித்ததில்லை, தாமதிக்கக் கூடாது என்பதுதான் எங்கள் பாடம். உங்களுக்கு மட்டும் இரண்டு நிமிடம் தாமதித்தேன் அண்ணே. அந்த இரண்டு நிமிடமும் அண்ணிக்கு நீங்கள் இருந்தீர்கள்.