அறுபொழுதும் நின்ற கூடாரத்துக்காக எயினியாருக்கு விடுத்த ஓலை

மழை முறை தவறாதிருக்க. சுனைகள் தூர்ந்து போகாதிருக்க. வழிநடப்போர்க்கு வேளைக்கு நிழல் கிட்டுக.

சுரபுன்னை நாட்டின் முப்பத்தேழு ஊர்களையும் தம் குடைக்கீழ் வைத்துக் காத்தருளும் கொற்றங்குமர மன்னரின் பேரமைச்சனும், தென்வாயில் முத்திரைக்கு உரியவனும், கூன்பாறைக் கணவாயில் ஓராண்டுக் காலம் பாசறைத் தலைவனாய் இருந்தவனுமாகிய நாவற்கிழான் விடங்கன், நெடுவயல் நாட்டுக் கரும்பூர் அங்காடியில் வாழ்பவரும் கூடாரத் தொழிலில் தமக்கு ஒப்பார் இல்லாதவருமாகிய எயினியார் திருமுன் பணிந்து விடுக்கும் ஓலை.

தங்களுக்கு இருக்க இடமும் தைக்கத் துணியும் தந்த நெடுவயல் நாடு நெல்லும் கரும்பும் பெருகி வாழ்க. எம் நாடு தங்களைத் துரத்திய நாளில் கதவைத் திறந்து வைத்திருந்த அந்நாட்டு அரசியாருக்கு எம் வணக்கம் உரியது.

கூடாரம் தைக்கும் ஒருவருக்குத் 'திருமுன்' என்று எழுதுவது மரபன்று என, இவ்வோலை எழுதும் சேந்தனார் எழுத்தாணியை நிறுத்திவிட்டு எடுத்துரைத்தார். மரபு அறிந்தவர்தான். ஆனால் ஓராண்டாக அந்தத் தையலின் கீழ் குறட்டை விட்டு உறங்கியவரும் அவரே என்று நினைவூட்டினோம். அதன்பின் எழுத்தாணி தடையின்றி நகர்கின்றது.

முதற்கண் நற்செய்தி கூறுகின்றோம். வெண்சுனையின் நீரில் பாதி எமதாயிற்று. மூன்று தலைமுறைகளாக இரு நாடுகளும் வழக்காடி வந்த அச்சுனையின் பொருட்டு இரு அரியணைகளும் செய்துகொண்ட உடன்படிக்கையைத் தாங்கள் அறிவீர்கள். நீரருகே வாழ மாட்டாதவர்க்கு நீரில் உரிமை இல்லை. ஆகவே சுரபுன்னை நாட்டார் கார்காலம் முதல் முதுவேனில் ஈறாக ஆறு பொழுதுகளும் கணவாயில் தங்கிக் காட்ட வேண்டும். கல்லோ மண்ணோ ஓலையோ கொண்டு ஒன்றும் கட்டலாகாது, துணியின் கீழ் மட்டுமே உறைய வேண்டும். நாள்தோறும் விளக்கு வைக்கும் வேளையில் நெடுவயல் நாட்டுக் கண்காணியார் வந்து பார்க்கும்போது ஒரு கூடாரமாவது நின்றுகொண்டிருக்க வேண்டும். ஒரு மாலை அது நில்லாவிடினும் உரிமை என்றென்றைக்கும் போயிற்று. நேற்று மாலை கண்காணியார் கடைசி முறையாக வந்தார், கூடாரத்தைச் சுற்றி நடந்தார், வணங்கிச் சென்றார். இன்று காலை வாய்க்கால் திறக்கப்பட்டது. முப்பத்தேழு ஊர்ப் பெண்டிரும் இனிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு காதம் நடக்க வேண்டியதில்லை.

இதுவரை 'யாம்' என்று எழுதுவித்தேன். இனி வருவது என் குற்றம். 'யாம்' என்று சொன்னால் அதைப் பலர் தலையில் பகிர்ந்து வைத்ததுபோல் ஆகும். ஆகவே நான் என்றே எழுதுக என்று சேந்தனாருக்குச் சொல்லிவிட்டேன்.

கூடாரங்களைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பை அரசர் என்னிடம் ஒப்படைத்தார். அரண்மனைத் தையற்சாலையார் மெழுகும் எண்ணெயும் ஊட்டிய பளபளப்பான கூடாரங்களைக் கொணர்ந்தனர். தாங்கள் கொணர்ந்ததோ, கடைத்தெருவில் கித்தான் என்று சொல்லும் தடித்த பருத்தித் துணியாலானது. முறுக்கேறிய நூல், சாயம் இல்லை, ஓரத்தில் ஒரு பூவேலைகூட இல்லை, இரண்டு எருதுகள் இழுக்க வேண்டிய பாரம். நான் முற்றத்தில் நீரூற்றச் சொன்னேன். மெழுகுத் துணியில் நீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. தங்கள் துணியின் தையல் வழியே சொட்டியது. அவையோர் சிரித்தனர், முதலில் சிரித்தவன் நான். அப்போது தாங்கள் சொன்ன சொல்லை அவைத்தமிழில் மாற்றினால் அதன் உயிர் போய்விடும் என்பதால், சொன்னபடியே எழுதச் சொல்கிறேன்: "காய விட்டு நாளைக்கு இன்னொரு தரம் ஊத்திப் பாருங்க சாமி. நூல் ஊறணும். ஊறினாத்தான் ஓட்டை அடையும்."

நாளை வரை காத்திருக்க எனக்கு நேரம் இருந்தது. பொறுமைதான் இல்லை. போர்க்காலத்துக்கு நிகரான வேளையில் பழுதுபட்ட பொருளை அரசுக்குத் தந்தார் என்று கூறி, ஒரு வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் தங்களை நாடு கடத்தும் ஆணையில் முத்திரை வைத்தேன். அக்கூடாரத்தைத் திருப்பித் தரும் மரியாதைகூட எனக்கு இருக்கவில்லை. நெல்மூட்டைகளை மூடக் கிடக்கட்டும் என்று வண்டியில் ஏற்றச் செய்தேன்.

நெடுவயல் நாட்டுக்கு வேறு வழி இல்லாமையால் தங்களைக் காவலர் கணவாய் வழியே அழைத்து வந்தனர். நாங்கள் பாசறை இறங்கி மூன்று நாளே ஆகியிருந்தன. உச்சிப்பொழுதில் மேற்கே கருத்தது. பன்னிரண்டு கூடாரங்களின் கயிறுகளையும் முரசுத்தோல்போல் இறுக்கி வைத்திருந்தோம்; அதில் எனக்குப் பெருமை வேறு. காவலர் நீர் அருந்தச் சுனையருகே நின்றபோது, தாங்கள் தைத்து, நெல்மூட்டைகளுக்கென நாங்கள் நிறுத்தியிருந்த கூடாரத்தருகே சென்று அதன் கயிறுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினீர்கள். பிறகு அடுத்த கூடாரத்துக் கயிற்றிலும் கை வைத்தீர்கள். நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்க மாட்டேன். பழி தீர்க்கப் பாசறையைக் கவிழ்க்கிறார் என்று நினைத்தேன். கூச்சலிட்டு ஓடிவந்தேன். இருவரை ஏவித் தங்கள் கைகளைப் பிடித்து இழுக்கச் செய்தேன்.

தாங்கள் கத்தவில்லை. "கயிறு நனைஞ்சா சுருங்கும் சாமி, முளையைப் பிடுங்கிடும். வேண்டாம்னா விடுங்க. ஆனா இது நான் தைச்சது. விழுந்தா எனக்கு மனசு ஆறாது" என்றீர்கள். அவ்வளவே. எல்லைக்கல்லுக்கு அப்பால் தள்ளப்பட்டீர்கள். நான் திரும்பி வந்து, தளர்ந்த கயிறுகளையெல்லாம் மீண்டும் இறுக்கச் சொன்னேன். தாங்கள் தொட்ட இரண்டாவது கூடாரத்தை இறுக்கிவிட்டனர். நெல்மூட்டைக் கூடாரத்துக்கு வருமுன் மழை பிடித்துக்கொண்டது. ஆட்கள் ஓடி ஒளிந்தனர்.

ஒரு நாழிகை. கயிறுகள் நனைந்தன, சுருங்கின, இழுத்தன. முளைகள் மண்ணோடு பெயர்ந்து பறந்தன. மெழுகுத் துணி கயிறு கட்டிய இடத்தில் கிழிந்து, கம்பங்கள் முறிந்து, பதினொரு கூடாரங்களும் என் கண்ணெதிரே தரையில் கிடந்தன. நின்றது ஒன்று. நாற்பத்திரண்டு பேரும் அதற்குள் நெல்மூட்டைகளின் மேல் அட்டையாய் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். விளக்கு வைக்கும் வேளையில் கண்காணியார் குடையோடு வந்தார், விழுந்து கிடந்தவற்றை எண்ணினார், நின்றதைப் பார்த்தார், திரும்பினார். முப்பத்தேழு ஊர்களின் தண்ணீர் அந்த மாலையில் தாங்கள் தளர்த்திய கயிறுகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போதும் நான் திருந்தவில்லை. தையல் வழியே என் உச்சந்தலையில் நீர் சொட்டியது. "நான் சொன்னேன் அல்லவா" என்று நனைந்துகொண்டே முணுமுணுத்தேன். இரண்டு நாள் வெயிலடித்தது. மூன்றாம் நாள் மறுபடி மழை. ஒரு துளி இறங்கவில்லை. நம்ப மனமின்றி, எங்கே கசிகிறது என்று விரலால் துணியின் உட்புறத்தைத் தடவிக்கொண்டே போனேன். தடவிய கோடு முழுவதும் சொட்டத் தொடங்கியது, அதுவும் என் படுக்கைக்கு நேர் மேலே. ஈரத் துணியைத் தொட்டால் தொட்ட இடம் ஒழுகும் என்று எங்கள் சமையலாளுக்குக்கூடத் தெரிந்திருந்தது. பேரமைச்சனுக்குத்தான் தெரியவில்லை. அன்றிலிருந்து மழை நாட்களில் என் கையைக் கட்டிப்போடலாமா என்று வீரர்கள் தமக்குள் பேசிக்கொள்வது என் காதிலும் விழுந்தது. நானும் சிரித்தேன்.

மெழுகுக் கூடாரங்களில் நான்கை ஒட்டுப்போட்டு நிறுத்தினோம். கூதிர்க் காற்றில் அவற்றின் உள்ளே எங்கள் மூச்சே நீராகி வழிந்து பாய்களை நனைத்தது. பின்பனியில் மடிப்புகள் வெடித்தன. வேனிலில் மெழுகு இளகி, நாற்றம் தாங்காமல் அவற்றைக் கைவிட்டோம். தங்கள் துணியோ பனியில் உள்வெப்பத்தைக் காத்தது. வேனிலில் பக்கத் திரைகளைச் சுருட்டிக் கட்டினால் காற்று தாராளமாக ஓடியது. காய்ச்சல் கண்ட ஒன்பது பேரை அதற்குள்தான் கிடத்தினோம். ஒன்பது பேரும் எழுந்து நடந்து இன்று வீடு திரும்பியிருக்கின்றனர். அவர்களுடைய தாய்மார் சார்பில் நன்றி சொல்கிறேன்.

அப்படியானால் ஏன் உடனே ஆளனுப்பவில்லை என்று கேட்பீர்கள். ஆள் இருந்தது, ஓலை இருந்தது, எழுத்தாணி இருந்தது. தவறினேன் என்று சொல்ல வாய்தான் வரவில்லை. பின்பனியில் ஒரு நாள் கம்பத்தருகே துணி சிறிது கிழிந்தது. எல்லாருக்கும் விரல் விறைத்திருந்ததால் நானே ஊசியை எடுத்தேன். மடிப்பைப் பிரித்தபோதுதான் பார்த்தேன்: கயிறு பற்றும் இடத்தில், வெளியே ஒன்றாகத் தெரியும் துணிக்குள் நான்கு மடிப்பு வைத்து, எவர் கண்ணுக்கும் படாத உட்பக்கத்திலும் நெருக்க நெருக்கத் தைத்திருந்தீர்கள். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்த இடத்தில் இவ்வளவு கவனம். நானோ ஒருவரின் வாழ்வைத் தீர்மானிக்கும் ஆணையை இரண்டாம் முறை படிக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மறைக்க அங்கே தனியறை ஏது. நாற்பத்தொரு பேரும் பார்த்தனர்.

மறுநாளே அரசருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். அரசர் ஆணையை நீக்கித் தங்களுக்குத் தூதனுப்பினார். தாங்கள் தூதரை உட்காரவைத்து, மோர் கொடுத்து, அனுப்பிய மறுமொழியும் வந்து சேர்ந்தது: "ராசா என்னை வெரட்டலியே. வெரட்டுனவரு ஒண்ணுமே சொல்லலியே." நியாயம். ஓலையில் அன்றி நேரில் வந்தே சொல்ல வேண்டும் என்று எண்ணினேன்; ஆனால் பாசறைத் தலைவன் ஆண்டு முடியும்வரை கணவாயை விட்டு நீங்கலாகாது என்பது உடன்படிக்கை. அது நேற்றோடு முடிந்தது. ஆகவே என் விடுதலையின் முதல் வேலையாக இதைச் சொல்கிறேன். தங்கள் துணியில் பழுதில்லை. பழுது என் தீர்ப்பில் இருந்தது. அவையில் தங்களை நகைத்ததற்கும், தங்கள் கைகளைப் பற்றி இழுக்கச் செய்ததற்கும், இத்தனை மாதம் வாய் திறவாமல் இருந்ததற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். எங்களை நனையவிடாமல் காத்ததற்கு, எங்கள் ஊர்களுக்கு நீர் தந்ததற்கு, துரத்தப்பட்டுப் போகும் வழியிலும் நின்று கயிறு தளர்த்தியதற்கு, என் உயிருள்ள வரை நன்றியுடையேன்.

இதை நேரில் வந்து சொல்லவே விரும்பினேன். ஆயினும் அழையாமல் தங்கள் வாசலில் வந்து நிற்பது இன்னோர் அதிகாரம் செலுத்தியதாகும். வா என்றால் வருவேன். கரும்பூரிலேயே இருக்கத் தங்களுக்கு மனம் என்றால் அதுவும் தங்கள் உரிமை. எவரும் குறை சொல்லார். ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. நான் தைத்த அந்தக் கிழிசலை என்றேனும் தாங்கள் பார்க்க நேர்ந்தால் திட்டலாம், பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். அவ்வளவு கோணலாக இருக்கிறது.

இனி ஆணைகள். அரண்மனைப் பண்டகசாலையார் அறிக: இன்று முதல் எந்தக் கூடாரமும் மூன்று முறை நனைத்து மூன்று முறை உலர்த்திப் பார்த்த பின்னரே ஏற்கப்படும் அல்லது தள்ளப்படும். தைத்தவர் சொல்லைக் கேளாமல் தீர்ப்பளித்தல் கூடாது.

தென்வாயில் காவலர் அறிக: எயினியார் எந்நாளில் எவ்வேளையில் வந்தாலும், பெயர் கேளாமல், மூட்டையைப் பிரித்துப் பாராமல், இரு கதவுகளையும் திறந்து விடுக. அவர் உள்ளே அடி வைக்கும்வரை பேரமைச்சன் விடங்கனுக்கும் இந்நாட்டுக் கதவு மூடியே இருக்கும். அவன் வந்து தட்டினாலும், அரசர் பெயரைச் சொன்னாலும், சென்ற மாதம் பிறந்த பேத்தியின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சினாலும், திறவாதொழிக.

முதுவேனிலின் மறுநாள் காலை, கூன்பாறைக் கணவாயில், தென்வாயில் முத்திரை பொறிக்கப்பட்டது. பொறித்தபின் அம்முத்திரை காவலர் கையில் ஒப்படைக்கப்பட்டது.