பை சுற்றிய கருவிகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆன்சி எழுதுகிறேன். தூத்துக்குடியில் மழை விட்டதா? முழங்கால் வலி குறைந்ததா? எண்ணூரில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து விஷவாயு கசிந்தால் ஒலிக்கும் கருவி ஒன்றை நான் வடிவமைத்தேன் அல்லவா? சோதனைக்காக எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடுகளில் அதை மாட்டியிருக்கிறோம். இன்று காலை பார்க்கப் போனால், வீட்டுக்கார ஃப்ளோரன்ஸ் அக்கா அதன் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்.

"என்னக்கா இது?"

"கருவாடு வறுத்தா கத்துது, சாம்பிராணி போட்டா கத்துது. எம் மாமியாருகூட இவ்ளோ கத்தலம்மா. ஒரே பேஜாரா கீது!"

சிரித்துவிட்டேன். ஒன்பது வீடுகளில் இதே கதைதான். நல்ல வடிவமைப்பு அன்றாட வாழ்வை இலேசாக்கும் என்று நம்பித்தான் இந்த வேலைக்கு வந்தேன். சமையல் புகைக்கும் விஷத்துக்கும் ஒரேபோல் அலறும் கருவியை யார் சகிப்பார்கள்? தவறு என்னுடையது.

திருத்த எடுத்துப்போகலாம் என்று பையைக் கழற்றினேன். உடனே அலறியது.

"பாத்தியா? அடுப்பே பத்த வைக்கல, சும்மா கத்துது."

ஜன்னல் திறந்திருந்தது. காற்று தொழிற்சாலைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் ஒலி தானாக நின்றது. எல்லோருக்கும் கொஞ்சம் இருமல், அவ்வளவுதான்.

என் பழைய ரேடியோவை அனுப்புங்கள் அப்பா. அறையில் ஒரு குரலாவது கேட்கட்டும்.

மாலையில் காற்று மறுபடி இந்தப் பக்கம் திரும்புமாம். இன்னும் எட்டு வீடுகளில் பையைக் கழற்ற வேண்டும். கிளம்புகிறேன்.

உங்கள் ஆன்சி