முட்டி டாக்டரிடம் சொல்லாத மாத்திரை

மார்ச் 4

தேதி கிடைத்துவிட்டது. ஏப்ரல் 9, இடது முட்டி மாற்று அறுவை. பயப்பட வேண்டியவள் காலையிலிருந்து பாடிக்கொண்டே பாத்திரம் கழுவுகிறேன். வேலை பார்த்த காலமெல்லாம் புவியியல் நடத்தினேன். போர்டில் எத்தனை மலை வரைந்திருப்பேன். ஒன்றிலாவது கால் வைத்தேனா? ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் டிசம்பரில் மலை ஏறுகிறார்கள். எங்கள் பள்ளியில் இருந்த டிரில் மாஸ்டர் என் பெயரையும் சேர்த்துவிட்டார். "முட்டிய மாத்திட்டு வாங்க டீச்சர். மிச்சத்த நான் பார்த்துக்கறேன்."

மார்ச் 5

ஒன்று உறுத்துகிறது. நேற்று முட்டி டாக்டர், "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் கூட வந்திருந்த என் வீட்டுக்காரர், "பி.பி. மாத்திரை மட்டும்தான் டாக்டர்." நானும் தலையாட்டினேன்.

எனக்கு மனச்சிதைவு. வகுப்பறைச் சுவரில் தொங்கிய மேப் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட வருடத்திலிருந்து இவர் பள்ளியிலும் சொந்தக்காரர்களிடமும் "தைராய்டு" என்றே சொல்லிவருகிறார். அந்தப் பொய்யால்தான் என் வேலை பிழைத்தது. அதை மறக்க மாட்டேன். ஆனால் இப்போது?

மார்ச் 6

மாணவிக்குச் சொல்வதுபோல எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். இப்போது சாப்பிடும் மாத்திரைக்குள் இரண்டு மருந்து; இரண்டு ஆள் என்று வைத்துக்கொள். முதல் ஆள் கெட்டிக்காரன், சத்தத்தை அடக்குகிறான். ஆனால் பக்கத்து டிபன் பாக்ஸையெல்லாம் காலி செய்வான். அவனால்தான் முன்பு அப்படிப் பெருத்தேன். இரண்டாவது ஆள் வகுப்பு லீடர். எடை கண்டபடி ஏறாமல் பிடித்து வைக்கிறான். இருவரையும் பிரிக்கக் கூடாது; மாத்திரையை உடைக்காமல் விழுங்க வேண்டும்.

சரி, பெரிய வலிக்கு மருந்து கொடுக்கும்போது இந்த லீடர் என்ன செய்வான்? மனநல டாக்டர் ஆரம்பத்தில் ஏதோ எச்சரித்தாரே.

மார்ச் 9

போனில் கேட்டுவிட்டேன். "நல்ல வேளை கேட்டீங்கம்மா," என்றார் மனநல டாக்டர். அறுவைக்குப் பின் கொடுக்கும் அபின் வகை வலிமருந்து வந்து உட்கார வேண்டிய பெஞ்சில் நம் லீடர் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பானாம். வலி அடங்காது. அடங்கவில்லையே என்று அளவை ஏற்றிக்கொண்டே போனால் மூச்சுக்கே ஆபத்து.

"நீங்களா நிறுத்தவும் கூடாது. முன்கூட்டியே லீடர் இல்லாத மாத்திரைக்கு நான் மாத்தித் தரேன். ஆனா அந்த டாக்டருக்குத் தெரிஞ்சாத்தான் ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ண முடியும்."

மார்ச் 10

சண்டை.

"நாலு நாள் நாமளே நிறுத்திக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது?" என்கிறார் இவர்.

"நிறுத்தினா மேப் பேசுமே. ஞாபகம் இல்லையா?"

"ஞாபகம் இருக்கறதாலதான் பயப்படறேன். இந்த வியாதின்னு தெரிஞ்சுட்டா, வலிக்குதுன்னு நீ கத்தினாக்கூட நம்ப மாட்டாங்க. 'அது அப்படித்தான் உளறும்'னு போயிடுவாங்க."

அப்படி நடக்காது என்று நான் எப்படிச் சொல்ல?

மார்ச் 11

மாத்திரையை முழுதாகவே விழுங்கினேன்.

மார்ச் 14

சொல்லிவிட்டேன். வியாதியின் பெயர், மாத்திரையின் பெயர், லீடர் கதை, எல்லாம். முட்டி டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"இத ஏம்மா முதல்லயே சொல்லல?"

"பழகிப்போச்சு டாக்டர்."

என் எதிரிலேயே மனநல டாக்டருக்குப் போன் போட்டார். நிறைய நேரம் பேசினார்கள். பிறகு, "தேதி கொஞ்சம் தள்ளும், பரவாயில்லையா?" என்றார்.

"மலை டிசம்பர்லதான் டாக்டர்."

"எந்த மலை?"

விடுவேனா? அவர் மேசைத் தாளிலேயே சம உயரக் கோடுகள் போட்டு விளக்கிவிட்டேன். கோடு நெருங்கினால் செங்குத்து, விலகினால் மென்சரிவு. வெளியே காத்திருந்தவர்கள் என்னைச் சபித்திருப்பார்கள். இவர் கதவோரமாகவே நின்றார்.

ஏப்ரல் 22

முந்தாநாள் அறுவை முடிந்தது. மாற்றுமாத்திரை ஒரு வாரத்துக்கும் மேலாக ஓடுகிறது. ஒரு குரலும் இல்லை. ஆனால் இன்று காலை வலி... அப்பப்பா.

நர்ஸ் கேட்டாள், "பத்துக்கு எவ்வளவு டீச்சர்?"

"ஏழு. கிரேஸ் மார்க் போடல."

சிரித்தாள். என் கேஸ் முழுக்கத் தெரிந்தவள்தான். ஒரு கேள்வியும் கேட்காமல் மருந்து கொண்டுவந்தாள். கொஞ்ச நேரத்தில் வலி இறங்கியது. ஸ்டூலில் இருந்த இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

ஜூன் 3

வலிமருந்து நின்று போதுமான நாள் ஆகிவிட்டதாம். டாக்டர் சொன்னபடி பழைய ஜோடி மாத்திரை திரும்பிவிட்டது. சட்டென்று எழுந்தால் தலை சுற்றுகிறது. கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்து எழுகிறேன். தெருமுனை வரை நடந்தேன். நானேதான்.

டிசம்பர் 13

கால் கெஞ்சுகிறது. ஆனாலும் எழுதாமல் படுக்க மாட்டேன்.

காலையில் வேனுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்து டிரில் மாஸ்டர் சத்தம் போட்டார்: "யாருக்கு என்ன உடம்பு, என்ன மாத்திரை, வெக்கப்படாம சொல்லிடுங்க. மேல ஆஸ்பத்திரி கிடையாது."

என் முறை. மூச்சை இழுத்தேன். அதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"இவளுக்கு மனச்சிதைவு. தினமும் ஒரு மாத்திரை, ரெண்டு மருந்து சேர்ந்தது. எங்கயாவது விழுந்து அடிபட்டா, வலி ஊசி போடறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட அதச் சொல்லணும்."

டிரில் மாஸ்டர் ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

"சரி. டீச்சர் நடுவுல நடக்கட்டும், தண்ணி அடிக்கடி குடிக்கணும். அடுத்து யாரு? இன்ஹேலர் வெச்சிருக்கறது யாரு?"

அவ்வளவுதான். இத்தனை வருடம் எதற்குப் பயந்தோமோ அது அவ்வளவுதான்.

கோடுகள் நெருங்கிய இடத்தில் உட்கார்ந்தேன், விலகிய இடத்தில் நடந்தேன். உச்சிக்கு வந்ததும் கீழே ஆறு, வயல், சாலை எல்லாம் விரித்துப்போட்டதுபோல் கிடந்தன. இவர் மூச்சு வாங்கிக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றார்.

"உன் மேப் மாதிரியே இருக்கா டீச்சர்?"

"அப்படியே இருக்கு," என்றேன். "பேசத்தான் இல்ல."