மூன்றாம் பக்கத்து வரி

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
12 நவம்பர் 2024

என் செல்லப் பிள்ளை சாம்பவியை முருகன் காக்க.

போனில் கதைத்தால் அறைக்குள் படுத்திருக்கும் அப்பாவுக்குக் கேட்கும், அதனால் எழுதுகிறேன். உங்கள் ஆய்வுக்கான அந்த ஊசியை நேற்று அவருக்குப் போட்டாயிற்று. ஊசியில் இருப்பது நீ செய்த பொருள் என்பதால் உன்னை உள்ளே விடமாட்டார்களாம், தாதி சொன்னாள்.

புவாண்ட்-கிளேரில் வேலை போன நாளிலிருந்து எட்டு மாதம் சுவரைப் பார்த்துக் கிடந்த மனிதர், தானே எழும்பிச் சவரம் செய்தார். அவர் கதைக்கிற சொற்களைக் கொப்பியில் எழுதி வருகிறேன். போன கிழமை முழுக்க ஒன்பது. நேற்றுத் திரும்பி வரும்போது காரில் மட்டும் நாற்பதுக்கு மேல். "பிள்ளை செய்த மருந்து, பிழை போகாது" என்றார். பிறகு, "அடுத்த ஊசி எப்பவாம்?" என்று கேட்டார்.

பெரிய டொக்டரிடம் சொல்லி இன்னும் ஒன்று போடச் சொல்லு, மகள். கோயிலில் நேர்த்தி வைத்திருக்கிறேன்.

அம்மா கமலாவதி


லொங்கேய்
16 நவம்பர்

அன்பு அம்மா,

அது மருந்து இல்லை. மூளையில் செரட்டோனின் என்ற இரசாயனம் ஒட்டுகிற இடங்களைப் படம் பிடிக்கத்தான் நாங்கள் அதைச் செய்தோம். ஐந்து வருட வேலை. அதிலுள்ள கதிரியக்கம் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். நீங்கள் காரில் ஏறும்போதே அநேகமாக முடிந்திருக்கும். அது யாரையும் சுகப்படுத்தாது.

ஒப்புதல் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் இது இருக்கிறது. அப்பாவுக்கு அதைத் தமிழில் சொன்னது நீங்கள்தானே? தெரியாமல் அவர் கையெழுத்து வைத்திருந்தால் நான் மறைக்க முடியாது. அந்தப் படத்தை ஆய்வில் சேர்க்கமாட்டார்கள். அவரிடம் உண்மையைச் சொல்லுங்கோ.

சாம்பவி


டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
21 நவம்பர்

மகள்,

மூன்றாம் பக்கத்தை அகராதி வைத்து நாலு தரம் வாசித்தவள் நான். விளங்காமல் இல்லை. மருந்து இல்லை என்ற அந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததைச் சொன்னேன். சொல்லியிருந்தால் அவர் கட்டிலை விட்டு இறங்கியிருக்கமாட்டார். இறங்கினால் போதும், மிச்சத்தை முருகன் பார்ப்பான் என்று நினைத்தேன். வெறும் தண்ணீரையாவது ஏற்றமாட்டார்களா என்றுதான் உன்னிடம் இன்னொரு ஊசி கேட்டேன்.

இன்று அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

"அப்ப மருந்து இல்லையோ?"

"இல்லை."

"சரி விடு. பிள்ளையின்ரை வேலைக்காவது அந்தப் படம் உதவும்."

அதையும் எறியப்போகிறார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். சோற்றை இரண்டு தரம் சூடாக்கினேன், தொடவில்லை.

எறிவதற்கு முன் நீ ஒருக்கா அந்தப் படத்தைப் பார். சுகம் வரப்போகிறது என்று நம்பிக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் அசையாமல் படுத்திருந்தார். அந்த நம்பிக்கை அதில் எங்கேயாவது விழுந்திருக்கிறதா என்று மட்டும் எனக்கு எழுது.

அம்மா