பாய்லர்கள் எத்தனை, அமைச்சரே?

பிப்ரவரி 9, திங்கள்

லண்டன் வரை ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். எம்.பி. என்றால் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள் என்று எங்கள் ஊரில் இன்னும் நம்புகிறார்கள். பக்கத்தில் நின்றவர் என்ன வேலை என்று விசாரித்தார். "கேள்வி கேக்குற வேலை," என்றேன். "போலீசா?" என்றார். "அவங்க கேட்டா பதில் வருமே," என்றேன். அந்த மனிதர் அடுத்த பெட்டிக்கே போய்விட்டார்.

சிரிப்பெல்லாம் அத்தோடு சரி. வெள்ளிக்கிழமை ஸ்கார்விக் நூலகத்தில் நான் ஊர்க்காரர்களைப் பார்க்கும் நேரத்தில் லோர்னா பிக்கர்டைக் என்ற பெண் வந்தாள். அவள் கணவன் ராஸ் படையில் சார்ஜன்ட். டிசம்பரில் குளிக்கப் போனவன் வெளியே வரவில்லை. குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த, வெந்நீர் தரும் பழைய கேஸ் பாய்லர், வாசனையே இல்லாத விஷப்புகையைக் கக்கியிருக்கிறது. அந்த பாய்லரை இப்போது அணைத்து முத்திரை வைத்துவிட்டார்கள். செத்த பிறகு என்ன சுறுசுறுப்பு!

லோர்னா அழவில்லை. நஷ்டஈடு என்ற பேச்சையும் எடுக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இதே பாய்லர் இன்னும் எத்தனை வீட்டுல இருக்கு நெட்டா? பக்கத்து வீட்டு கெர்ஸ்டிக்குக் கைக்குழந்த. அவ வீட்டுலயும் இதே ரகம்தான் ஓடிட்டிருக்கு. ரிப்பேர்காரன்கிட்ட கேட்டா, மேல கேளுங்கன்றான். மேலன்னா யாரு?"

மேலே என்றால் படைக்குடியிருப்புத் துறை. லோர்னா இருக்கும் டன்லின் குடியிருப்பு முழுக்க அவர்களுடையது. குடியிருப்பவர்கள் ஒரு திருகைக்கூடக் கழற்றக் கூடாது. சரி, நான்தான் மேலே போகிறேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

அமைச்சருக்கான எழுத்துக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு நாடாளுமன்றக் கேள்வி அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் பென்ஹாலிகன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார். மனிதர் சிரித்து நான் பார்த்ததில்லை. மூன்று வருடமாக முயற்சி செய்கிறேன்.

நான் எழுதியிருந்தது: 'அந்த பாய்லர் ஓடும் வீட்டில் அமைச்சர் தன் பேரக்குழந்தையைத் தூங்க வைப்பாரா?'

"மேடம், இது கேள்வி இல்ல. திட்டு."

"ரெண்டும் ஒண்ணாவே வராதா?"

"இந்தக் கட்டடத்துல வராது. தகவல் கேக்கலாம். நடவடிக்கை எடுக்கச் சொல்லிக் கேக்கலாம். வாதம் கூடாது, கிண்டல் கூடாது, அடைமொழி கூடாது."

"அப்புறம் என்கிட்ட என்னதான் மிச்சம் இருக்கும்?"

பதினைந்து வயதில் பள்ளியை விட்டுவிட்டு மீன் வறுக்கப் போனவள் நான். கடையில் வரிசையில் நிற்பவர்களைக் கிண்டல் செய்து செய்தே ஓட்டு வாங்கினேன். அவர் பேனாவை எடுத்து அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே போனார். கடைசியில் நின்றது இதுதான்: 'அந்த ரக பாய்லர்கள் படைக்குடியிருப்பு வீடுகளில் எத்தனை உள்ளன?'

எலும்பைக் கழித்த மீன் மாதிரி இருந்தது. ஆனால் தேதி குறித்துப் பதில் கேட்டிருக்கிறோம். பார்ப்போம்.

பிப்ரவரி 16, திங்கள்

பதில் வந்தது. 'கேட்கப்பட்ட தகவல் மையமாகத் தொகுத்து வைக்கப்படவில்லை.'

வீடு அவர்களுடையது. சுவர் அவர்களுடையது. சுவரில் தொங்குவது என்னவென்று மட்டும் அவர்களுக்குத் தெரியாதாம்! என் கடையில் எண்ணெய்ச் சட்டி எத்தனை என்று சுகாதார ஆய்வாளர் கேட்டபோது 'மையமாகத் தொகுக்கவில்லை ஐயா' என்று நான் சொல்லியிருந்தால் அன்றைக்கே கடைக்குப் பூட்டு.

லோர்னாவிடம் போனில் படித்துக் காட்டினேன். "அப்படின்னா என்ன அர்த்தம்?" என்றாள். "சொல்ல மாட்டாங்களாம் கண்ணு," என்றேன்.

பிப்ரவரி 25, புதன்

மையம் வேண்டாம், டன்லின் குடியிருப்பில் மட்டும் எத்தனை என்று கேட்டிருந்தேன். பதில்: 'மரியாதைக்குரிய உறுப்பினருக்கு 16ஆம் தேதி நான் அளித்த பதிலைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.'

போ அந்தப் பக்கம் என்று சொல்லும்போதுதான் இவர்களுக்கு நம்மேல் மரியாதை பொங்குகிறது.

மார்ச் 5, வியாழன்

மூன்றாவது கேள்வியை வேறொரு துறைக்கு மாற்றிவிட்டார்கள். அந்தத் துறை திருப்பி அனுப்பிவிட்டது. பொட்டலம் கூட இப்படிச் சுற்றாது.

மார்ச் 11, புதன்

தேநீர் அறை. அந்தப் பதில்களுக்கெல்லாம் கையெழுத்துப் போடும் அமைச்சர் மால்ட்ரவர், வெண்ணெய் வழியும் டீக்கேக்குடன் என் மேசைக்கே வந்து உட்கார்ந்தார். நல்ல குரல் அவருக்கு. ஆளை அப்படியே சாய்த்துவிடும்.

"நெட்டா, உங்க கோவம் எனக்குப் புரியுது. ஆனா எழுத்துல கேட்டா வக்கீலுங்க நடுவுல வந்துடுவாங்க. எல்லா பாய்லரையும் வெளியாளை வெச்சு சோதிப்பீங்களான்னு புதுசா ஒண்ணு கேட்டிருக்கீங்களே, அதை வாபஸ் வாங்கிடுங்க. நானே நேர்ல பார்த்து, உங்களுக்குத் தனியா கடிதம் எழுதறேன்."

"எப்ப?"

"இந்த வாரமே."

வாபஸ் வாங்கிவிட்டேன்.

என் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் க்விலிம் இதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தான். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவன், வேல்ஸ்காரன், நல்லவன். ஆனால் முகத்தில் எதையும் மறைக்கத் தெரியாது.

"பாஸ், ஊரையே கலாய்க்கிற வாய் உங்களது. ஒருத்தன் அன்பா நாலு வார்த்தை பேசினா இப்படி உருகிடுறீங்களே."

"அவர் அமைச்சர்யா. சொன்னா செய்வாரு."

"டீக்கேக் மிச்சம் வெச்சாரா?"

"இல்ல."

"அதுலயே தெரிஞ்சிருக்கணும்."

மார்ச் 20, வெள்ளி

கடிதம் இல்லை.

மார்ச் 26, வியாழன்

கடிதம் இல்லை. அமைச்சரின் அலுவலகத்துக்கு போன் செய்தேன். 'அமைச்சர் இதைத் தீவிரமாகக் கவனித்துவருகிறார்' என்றது ஒரு குரல். பின்னால் யாரோ பிறந்தநாள் பாட்டுப் பாடுகிறார்கள். நாளையிலிருந்து ஈஸ்டர் விடுமுறை.

ஏப்ரல் 2, வியாழன், ஸ்கார்விக்

எழுதித்தான் ஆக வேண்டும்.

மத்தியானம் லோர்னா போன் செய்தாள். கெர்ஸ்டி வீட்டு விஷப்புகை அலாரம் அலறியிருக்கிறது. அந்த அலாரம் துறை கொடுத்ததில்லை. ராஸை அடக்கம் செய்த வாரமே லோர்னா தானாக வாங்கிப் பக்கத்து வீட்டுச் சுவரில் மாட்டியது. கெர்ஸ்டி மாடியில் தலைவலி என்று படுத்திருந்தாள். குழந்தை ஓட்டிஸ் கீழே தொட்டிலில். லோர்னா பின்பக்கக் கண்ணாடியை உடைத்து உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கெர்ஸ்டியைப் பெயர் சொல்லிக் கத்தி இறக்கியிருக்கிறாள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தைக்கு ஒன்றுமில்லை. உண்மையாகவே ஒன்றுமில்லை, ராத்திரி மட்டும் வைத்துப் பார்ப்பார்களாம். கெர்ஸ்டி முகம் சுண்ணாம்பு. லோர்னா கையில் கட்டு.

லோர்னா என்னைப் பார்த்து, "கடிதம் வந்துச்சா?" என்றாள்.

வரலடி. வரல. நான்தான் அந்தக் கேள்விய வாபஸ் வாங்கினேன். ஒரு நல்ல குரலுக்காக. நீ கண்ணாடிய உடைச்ச நேரத்துல அந்தாளு எங்க வெயில் காஞ்சிட்டிருந்தாரோ தெரியல.

இதை அவளிடம் அப்படியே சொன்னேன். அவள் கட்டுப் போட்ட கையால் என் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள், வெளியே குளிர் என்று. அதற்கு அவள் என்னை அறைந்திருக்கலாம்.

ஏப்ரல் 14, செவ்வாய்

கெர்ஸ்டி வீட்டு பாய்லரை மட்டும் அணைத்திருக்கிறார்கள். தெருவில் மற்ற வீடுகள் அப்படியே.

நேராகப் பென்ஹாலிகனிடம் போனேன். அமைச்சர் பதில் சொல்ல மறுத்த கேள்வியை மூன்று மாதத்துக்குத் திரும்பப் போட முடியாதாம்.

"மூணு மாசத்துல எத்தனை வீட்டுல அலாரம் அடிக்கணும்?"

"விதியை நான் எழுதல மேடம்," என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீங்க வாபஸ் வாங்கினது இருக்கே, அதுக்கு யாரும் மறுப்பு சொல்லல. அதைத் திரும்பப் போடலாம்."

போட்டேன். என் பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. அவர் சத்தமில்லாமல் வேறொரு தாளை நகர்த்தி வைத்தார்.

ஏப்ரல் 21, செவ்வாய்

க்விலிம் காலையில் முட்டை ரொட்டியைக் கடித்துக்கொண்டே நேற்றைய பதில்களைப் படித்துக்கொண்டிருந்தான். மெல்லுவதை நிறுத்தினான்.

"பாஸ். உட்காருங்க."

"உட்கார்ந்துதான் இருக்கேன்."

"அப்ப எதையாச்சும் பிடிச்சுக்கங்க."

டேமியன் ஃபிட்ச் என்று ஒரு உறுப்பினர் இருக்கிறார். ஆளும் பெஞ்சின் பின்வரிசை, அமைச்சர்களுக்குக் குடை பிடிக்கிற ஆள். அவர் கேட்டிருக்கிறார்: 'படைக் குடும்பங்களின் வீடுகளைப் புதுப்பிப்பதில் அடைந்த முன்னேற்றம் என்ன?' மால்ட்ரவர் மார் தட்டிப் பதில் சொல்லியிருக்கிறார். போன வருடம் அந்தப் பழைய ரக பாய்லர்களில் ஆயிரத்துக்கும் மேல் மாற்றிவிட்டார்களாம். 'நாடெங்கும் எஞ்சியுள்ளவை 207 மட்டுமே.'

இருநூற்று ஏழு!

இருநூறு சொச்சம் இல்லை. ஏறக்குறைய இல்லை. ஏழு வரைக்கும் தெரிந்திருக்கிறது. எண்ணி வைத்திருக்கிறார்கள். எனக்கு மட்டும்தான் மையமாகத் தொகுக்கவில்லை. பெருமை பேசக் கணக்கு உண்டு, செத்தவனின் மனைவி கேட்டால் கணக்கு இல்லை. பாவிகளா! அந்த இருநூற்று ஏழில் ஒன்று அந்தக் குழந்தையின் தொட்டிலுக்கு மேல் அல்லவா தொங்கியது!

நடைபாதையில் ஃபிட்ச்சைப் பிடித்தேன்.

"அந்த பாய்லர் கேள்வி உங்க யோசனையா?"

"எந்தக் கேள்வி?"

"நேத்து உங்க பேர்ல பதில் வந்துச்சே."

"ஓ, அதுவா. அமைச்சர் ஆபீசுல எழுதிக் குடுத்தாங்க, போட்டுட்டேன். ஏன், ஏதாச்சும் தப்பா?" மனிதர் நிஜமாகவே பயந்துவிட்டார்.

"இல்ல டேமியன். இந்தக் கட்டடத்துக்கு வந்ததுலேருந்து நீங்க செஞ்ச ஒரே உருப்படியான காரியம் இதுதான். வீட்டுல சொல்லுங்க. நம்ப மாட்டாங்க, ஆனாலும் சொல்லுங்க."

ஏப்ரல் 22, புதன்

கோபத்தில் எழுதினால் பென்ஹாலிகன் அடித்துவிடுவார் என்று தெரியும். ஆகவே காலையில் எழுந்து தேம்ஸ் கரையில் நன்றாக நடந்து, கடல்காகங்களைத் திட்டித் தீர்த்துவிட்டு, அப்புறம் எழுதினேன்.

'ஃபிட்ச் அவர்களுக்கு அளித்த பதிலில் குறிப்பிட்ட 207 பாய்லர்கள் எந்தெந்தக் குடியிருப்புகளில் உள்ளன? அந்த எண்ணிக்கை எங்கிருந்து பெறப்பட்டது? அது பிப்ரவரி 16ஆம் தேதி எனக்கு ஏன் தரப்படவில்லை?'

பென்ஹாலிகன் இரண்டு முறை படித்தார்.

"இதுல திட்டு ஒண்ணும் இல்லையே மேடம்."

"ஒண்ணுமில்ல."

"அதான் பயமா இருக்கு."

அவர் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. மூன்று வருட உழைப்பு! ஆனால் அதைக் கொண்டாட எனக்கு இன்றைக்கு மனசு இல்லை.

ஏப்ரல் 28, செவ்வாய்

திருத்தம் வெளியாகிவிட்டது. 'மரியாதைக்குரிய உறுப்பினருக்கு நான் அளித்த பதிலில் கவனக்குறைவால் பிழை நேர்ந்ததற்கு வருந்துகிறேன்.' கவனக்குறைவு! அடுத்தடுத்து மூன்று தடவை ஒரே இடத்தில் இடறி விழுகிற கவனக்குறைவு.

கீழே குடியிருப்புவாரியாக எண்ணிக்கை. டன்லின்: 31. நான் திரும்பப் போட்ட கேள்விக்கும் பதிலாக, எல்லாவற்றையும் உடனே அணைத்து மாற்றப்போவதாகவும், அதுவரை குடும்பங்களுக்கு மின்ஹீட்டரும் அலாரமும் தருவதாகவும் ஒரு வரி.

மாலையில் படிக்கட்டில் மால்ட்ரவர் எதிரே வந்தார். குரலில் வெண்ணெய் இல்லை.

"எங்கிட்ட நேர்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே நெட்டா."

"கேட்டேனே அமைச்சரே. நீங்கதான் வாய் நிறைய டீக்கேக் வெச்சிருந்தீங்க."

கூட வந்த இரண்டு பேர் சுவரைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கவனக்குறைவுக்கு எந்தெந்தப் பக்கத்தில் பிழை என்று எழுதிவிட்டார்கள். ராஸுக்கு எங்கே எழுதுவார்கள்?

மே 8, வெள்ளி, ஸ்கார்விக்

டன்லினில் வேன்கள் வரிசையாக நிற்கின்றன. கெர்ஸ்டி வீட்டில் புதுசு மாட்டிவிட்டார்கள். ஓட்டிஸ் என் கண்ணாடியைப் பிடுங்கித் தரையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். "நல்லாப் பண்ற, அமைச்சரா வருவ," என்றேன்.

லோர்னா வீடுதான் கடைசி. முத்திரையைக் கிழித்து, பழைய பாய்லரைக் கழற்றினார்கள். லோர்னா வாசல் சுவரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ஒருவர் அதை இரண்டு கையில் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரே ஆள். நடுத்தரப் பெட்டி அளவுதான்.

"ஒருத்தரே தூக்கிட்டு வந்துட்டாரே," என்றாள் லோர்னா. "அவ்ளோ சுலபமா?"

வேன் கதவு மூடியது. அது தெருமுனை திரும்பியதும் அவள் கேட்டாள்:

"ஏழு வரைக்கும் எண்ணி வெச்சிருந்தாங்கன்னு சொன்னியே நெட்டா. எப்ப எண்ணினாங்க? ராஸ் சாகறதுக்கு முன்னாடியா?"

மே 11, திங்கள்

போட்ட கேள்வி ஒன்றுதான். 'அந்த பாய்லர்களால் ஆபத்து உண்டு என்று துறைக்கு முதன்முதலில் தெரிந்தது எந்தத் தேதியில்?'

பென்ஹாலிகன் ஒரு சொல்லைக்கூட அடிக்கவில்லை.