கமராவில் கேட்ட குரல்

தோஹா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? கரவெட்டிக்கு வரும் என் அறை நண்பன் சுதாகரனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் சொன்னால், நான் இங்கிருந்தே உங்களைப் பார்க்கவும் உங்களோடு கதைக்கவும் கூடத்தில் பூட்டுவித்த கமராவுக்கும் கேட்கும் என்பதால்தான் எழுதுகிறேன்.

முந்தநாள் போனில் நீங்கள், "தம்பி, நேற்றுக் கமராவிலை கதைச்சனியெல்லே, உனக்குத் தடிமனோ? குரல் அடைச்சிருந்தது. தனியவோ இருக்கிறியள் எண்டு கேட்டாய், ஓமெண்டு சொன்னன்" என்றீர்கள். நான் சிரித்துச் சமாளித்தேன். அம்மா, அது நானில்லை. யாரோ நம் வைஃபைக்குள் புகுந்து கமராவைப் பிடித்திருக்கிறார்கள். இரண்டுக்கும் வீட்டு போன் நம்பரே பாஸ்வேர்டாக இருந்தது அவர்களுக்கு வசதியாகிவிட்டது.

பயப்பட வேண்டாம். இதை வாசித்ததும் கமராவின் வயரைக் கழற்றிவிடுங்கள். பக்கத்து வீட்டுக் கோபிகாவைக் கூப்பிட்டு இரண்டின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். கொஞ்ச நாளைக்கு உதயகலா சித்தி துணைக்கு வந்து படுக்கட்டும்.

நீங்கள் தேத்தண்ணி குடிப்பதைக் கமராவில் பார்த்துவிட்டுத்தான் தினமும் வேலைக்கு இறங்குவேன். இனி அந்த நேரத்தில் நீங்களே எனக்கு வீடியோ கோல் எடுங்கள், மறக்காதீர்கள். முகம் காட்டாமல் யார் "அம்மா" என்று கூப்பிட்டாலும் பதில் சொல்ல வேண்டாம். கூப்பிடுவது நானாக இருந்தாலும்.

சுதாகரன் எயார்போட்டுக்கு வெளிக்கிட்டு நிற்கிறான்.

உங்கள் மகன்
கோகுலன்